அம்மாவின் தோள் அறுவை சிகிச்சை: எதிர்பார்ப்பும் அச்சமும் குணமடைவதை உண்மையிலேயே பாதிக்கின்றனவா?

ஈசூன் மகள் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு வயது 61. பள்ளிச் சிற்றுண்டிச்சாலைக் கடையொன்றில் சமையல் உதவியாளராக வேலை பார்க்கிறார். அவருடைய வலது தோளில், ரொட்டேட்டர் கஃப் எனப்படும் தசைநாண்களில் ஒன்று முழுமையாகக் கிழிந்திருப்பது எம்ஆர்ஐ படத்தில் தெரியவந்தது. மாதக்கணக்கில் பிசியோதெரபிக்குச் சென்றும் கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. இரவில் அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்கவும் முடியவில்லை. அதனால், சிறு துளைகள் வழியாகக் கருவிகளைச் செலுத்திக் கிழிசலைத் தைக்கும் அறுவை சிகிச்சைக்கு அடுத்த மாதம் நாள் குறித்திருக்கிறார்கள். செய்துகொள்வதா வேண்டாமா என்பதில் வீட்டில் கருத்து வேறுபாடு இல்லை.

என்னைக் குழப்புவது அம்மாவின் மனநிலைதான். அறுவை சிகிச்சை முடிந்த சில வாரங்களில் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று பகலில் உறுதியாகப் பேசுகிறார். தீபாவளிக்கு இன்னும் ஏறக்குறைய மூன்று மாதங்கள் இருக்கின்றன. இந்த ஆண்டும் தம் கையாலேயே முறுக்குப் பிழிந்து அக்கம்பக்கத்தாருக்குக் கொடுக்கப்போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். இரவானால் நிலைமை மாறிவிடுகிறது. எங்கள் அடுக்குமாடி புளோக்கில் இருக்கும் ஒருவருக்குத் தோள் அறுவை சிகிச்சைக்குப் பிறகு கை இறுகிப்போய், அவர் நெடுநாள் அவதிப்பட்டார். அதைப் பார்த்ததிலிருந்து தமக்கும் அப்படியே ஆகிவிடுமோ என்று தூக்கமின்றித் தவிக்கிறார். இவற்றுள் எது அவருடைய உண்மையான எண்ணம் என்று எனக்கே தெரியவில்லை.

மருத்துவரைப் பார்க்கும்போதெல்லாம் நான்தான் அம்மாவுக்காகப் பேசுகிறேன். முழுமையாகத் தேறுவதற்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகலாம் என்று மருத்துவர் சொன்னதை அம்மாவிடம் அப்படியே சொல்ல வேண்டாம் என்பது என் அண்ணனின் கருத்து. சொன்னால் பயந்துபோய் அறுவை சிகிச்சையே வேண்டாமென்று விடுவார் என்கிறார். நம்பிக்கையோடு போகிறவர்களுக்கு நன்றாகவே குணமாகிறது, அந்த நம்பிக்கையை நாமே ஏன் கெடுக்க வேண்டும் என்றும் கேட்கிறார். எனக்கு அதில் உடன்பாடில்லை என்றாலும், மறுத்துப் பேசத் தெளிவான காரணம் என்னிடம் இல்லை.

நோயாளியின் எதிர்பார்ப்பும் கவலையும் தோள் குணமடைவதை உண்மையிலேயே மாற்றுகின்றனவா, அல்லது அது ஆறுதலுக்காகச் சொல்லப்படுவது மட்டும்தானா? மாற்றுகின்றன என்றால், எஞ்சியிருக்கும் இந்த ஒரு மாதத்தில் நாங்கள் என்ன செய்ய வேண்டும்? விவரம் அறிந்தவர்களும் இந்தச் சிகிச்சையைக் கடந்து வந்தவர்களும் சொன்னால் பெரிதும் உதவியாக இருக்கும்.

செங்காங் பிசியோ:

வணக்கம். எலும்பு, மூட்டுப் பிரிவில் பல ஆண்டுகளாகப் பிசியோதெரபிஸ்டாகப் பணியாற்றி வருகிறேன். உங்கள் அம்மாவை நேரில் பார்க்காததால் பொதுவாகத்தான் சொல்ல முடியும். கிழிசலின் அளவையும் அதைத் தைக்கும் விதத்தையும் அறிந்த அறுவை மருத்துவர் சொல்வதே இறுதியானது.

உங்கள் அண்ணன் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. 2007-இல் ஜர்னல் ஆஃப் போன் அண்ட் ஜாயின்ட் சர்ஜரி இதழில் வெளிவந்த ஓர் ஆய்வில், இதே தசைநாண் தைக்கும் சிகிச்சைக்குச் சென்ற 125 பேரிடம் அவர்களுடைய எதிர்பார்ப்புகளை முன்கூட்டியே கேட்டுக் குறித்துவைத்தார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, அதிகம் எதிர்பார்த்தவர்களே அதிகம் தேறியிருந்தார்கள். அமெரிக்காவில் பல மருத்துவ நிலையங்கள் சேர்ந்து நடத்திய மூன் ஆய்வில், முழுக் கிழிசல் உடையவர்களுக்கு முதலில் பிசியோதெரபி மட்டுமே அளிக்கப்பட்டது. இரண்டு ஆண்டுகளுக்குள் அறுவை சிகிச்சைக்குச் சென்றவர்கள் நால்வரில் ஒருவருக்கும் குறைவு. யார் அறுவை சிகிச்சைக்குப் போவார் என்பதை மற்ற எதையும்விட வலுவாகக் காட்டியது, பிசியோதெரபி தமக்குப் பயன் தரும் என்று அவர் தொடக்கத்தில் நம்பினாரா இல்லையா என்பதுதான். பிரிட்டனில் தோள்வலிக்காகப் பிசியோதெரபி பெற்ற 1,030 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்விலும் இதைப் போன்ற ஒன்று தெரிந்தது. வலி இருந்தாலும் என் வேலைகளை என்னால் செய்துகொள்ள முடியும் என்ற மனத்திடம் உடையவர்கள், தொடக்கத்தில் வலி கடுமையாக இருந்தபோதும் நன்றாகத் தேறினார்கள்.

அண்ணன் கவனிக்காத மறுபாதி இதுதான். என் கை நல்ல நிலைக்கு வரும், அதற்கு நான் செய்யும் பயிற்சி உதவும் என்ற நம்பிக்கை ஒன்று. இத்தனை வாரத்தில் சரியாகிவிடும் என்ற நாள் கணக்கு வேறொன்று. முதலாவது எவ்வளவு உறுதியாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. இரண்டாவது தவறாக இருந்தால் அது முதலாவதையும் சேர்த்துக் கெடுத்துவிடும். நான்கு வாரத்தில் சரியாகிவிடும் என்று நினைத்து வந்தவர், நான்காவது வாரத்தில் இன்னும் ஸ்லிங்கில் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு இருக்கும்போது, "எனக்கு ஏதோ தவறாகிவிட்டது" என்றுதான் முடிவு செய்வார். உண்மையில் எல்லாம் ஒழுங்காகவே நடந்துகொண்டிருக்கும். ஆனால் அந்த எண்ணம் வந்த பிறகு பயிற்சியில் ஆர்வம் போய்விடுகிறது, வலி கூடுதலாகத் தெரிகிறது, தூக்கம் கெடுகிறது. பயிற்சி அறையில் நான் அடிக்கடி பார்க்கும் மனச்சோர்வு இவ்வாறு தொடங்குவதுதான். அதற்கு நோயாளியைக் குறை சொல்ல முடியாது. அவருக்குச் சரியான நாள் கணக்கைச் சொல்லாதவர்கள்தான் பொறுப்பு.

இதற்கு எதிரான ஆபத்தும் இருக்கிறது, அது எனக்கு இன்னும் கவலை தருவது. தைக்கப்பட்ட தசைநாண் எலும்போடு ஒட்டி வலுப்பெறுவதற்கு ஏறக்குறைய 12 வாரங்கள் தேவைப்படுகின்றன. அதுவரை அதைப் பிடித்துக்கொண்டிருப்பவை எலும்பில் பதித்த சிறு ஆணிகளும் தையல் நூலும்தான். வலியோ பலருக்கு அதற்கு முன்பே கணிசமாகக் குறைந்துவிடுகிறது. வலி போய்விட்டது, தசைநாண் இன்னும் ஒட்டவில்லை என்ற அந்த இடைக்காலத்தில்தான், விரைவில் சரியாகிவிடும் என்று நம்பியவர்கள் ஸ்லிங்கைக் கழற்றி வைத்துவிட்டு நீர் நிறைந்த வாளியைத் தூக்குகிறார்கள். உங்கள் அம்மாவின் அறுவை சிகிச்சைக்கும் தீபாவளிக்கும் இடையில் இரண்டு மாதம்தான் இருக்கும் என்று கணக்கிடுகிறேன். முறுக்கு அச்சை இரு கைகளாலும் அழுத்திப் பிழிவதற்கு எவ்வளவு பலம் வேண்டும் என்பது நமக்குத் தெரியும். எட்டாவது வாரத்தில் வலது கை அதற்கு நிச்சயமாகத் தயாராக இருக்காது. மாவின் பதத்தை அம்மா பார்த்துச் சொல்லட்டும், பிழிவதை நீங்களும் அண்ணனும் செய்யுங்கள் என்று இப்போதே பேசி முடிவு செய்துவிடுவது நல்லது.

இனி கவலையைப் பற்றிச் சொல்கிறேன். வலியைப் பற்றிய அச்சத்தை அளக்க 1995-இல் உருவாக்கப்பட்ட 13 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலை நாங்கள் பயன்படுத்துவதுண்டு. ஓயாமல் வலியையே நினைத்துக்கொண்டிருத்தல், அது எங்கே கொண்டுபோய் விடுமோ என்று பெரிதாக்கிக்கொள்ளுதல், என்னால் எதுவும் செய்ய முடியாது என்று கையறு நிலையில் இருத்தல் ஆகிய மூன்றையும் அது கேட்கிறது. இவை மிகுதியாக இருப்பவர்களுக்கு வலி கூடுதலாகவே தெரிகிறது. கை அசைந்தால் தையல் பிரிந்துவிடும் என்று பயப்படுகிறவர், அனுமதிக்கப்பட்ட அசைவுகளையும் தவிர்க்கிறார். கழுத்தையும் தோளையும் காதருகே உயர்த்தி இறுக்கியே வைத்திருக்கிறார். மூட்டு மேலும் இறுகுகிறது. அவர் எதற்குப் பயந்தாரோ அதுவே நடப்பதற்கு அந்தப் பயமே வழிவிடுகிறது.

ஆனால், அறுவை சிகிச்சைக்கு முன் ஒருவர் கவலையாக இருப்பதாலேயே குணமடைவது கெட்டுவிடும் என்று எண்ண வேண்டாம். 2015-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு, மிதமான அளவு மனவுளைச்சலோடு வந்தவர்களும் ஓராண்டு முடிவில் மற்றவர்களைப் போலவே தேறியிருந்ததைக் காட்டியது. அதே ஆண்டில் வெளிவந்த தென்கொரிய ஆய்வு ஒன்றில், தோள் தேறத் தேற மனச்சோர்வும் பதற்றமும் கூடவே குறைந்திருந்தன. வலியோடும் தூக்கமின்மையோடும் மாதக்கணக்கில் வாழ்கிறவர் கவலைப்படுவது இயல்பு. அந்தக் கவலையைக் கேட்டு, அதற்குரிய விவரத்தைச் சொல்லிவிட்டால் போதும்.

புளோக்கில் இருக்கும் அந்த நண்பருக்குக் கை இறுகியது பற்றி அம்மாவிடம் மனம்விட்டுப் பேசுங்கள். அறுவை சிகிச்சைக்குப் பின் தோள் இறுகுவது உண்டு. நீரிழிவு உள்ளவர்களுக்கு அதன் வாய்ப்பு கூடுதல். ஆனால் அப்படி இறுகுபவர்களில் பெரும்பாலோருக்கு மாதங்கள் செல்லச் செல்ல அது தளர்ந்துவிடுகிறது. அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தால், இந்த ஒரு மாதத்தில் அதைக் கட்டுக்குள் கொண்டுவருவதுதான் உங்களால் செய்ய முடிந்தவற்றுள் மிகவும் பயனுள்ளது. பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்கில்) அடுத்த சந்திப்புக்குக் காத்திருக்காமல் முன்கூட்டியே சென்று கேளுங்கள். பயத்தோடு இருக்கிறவருக்குச் செய்வதற்கு ஒரு வேலை கிடைப்பதே பெரிய மருந்து.

பிடோக் ஆசிரியை:

ஈசூன் மகளுக்கு என் அன்பான வணக்கம். உங்கள் அம்மாவுக்கு ஏறக்குறைய என் வயதுதான் இருக்கும். நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. இதே அறுவை சிகிச்சையை இதே வலது தோளில் செய்துகொண்டவள். இப்போது அலமாரியின் மேல் தட்டிலிருந்து பாத்திரத்தை எடுக்கிறேன், பின்னால் கைவிட்டு ரவிக்கையின் கொக்கியையும் மாட்டிக்கொள்கிறேன். முடிவு நன்றாகவே இருக்கிறது என்பதை உங்கள் அம்மாவிடம் முதலில் சொல்லுங்கள்.

மேலே எழுதியிருப்பவர் மருத்துவ விவரங்களைச் சொல்லிவிட்டார். அறுவை சிகிச்சைக்கு முன் யாரும் சொல்லாமல், வீட்டுக்கு வந்த பிறகு என்னை நிலைகுலைய வைத்த சின்னச் சின்னச் செய்திகளை நான் சொல்கிறேன், ஏனென்றால் பெண்களின் பயம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

முதல் இரவைப் பற்றி அம்மாவுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். அறுவை சிகிச்சையின்போது கழுத்துப் பக்கத்தில் நரம்பை மரத்துப்போகச் செய்யும் ஊசி போடுவார்கள். அதனால் வீட்டுக்கு வரும்போது வலியே இருக்காது. கை என்னுடையதா என்பதே தெரியாமல் கட்டைபோலக் கிடக்கும். அதைக் கண்டு, இவ்வளவுதானா என்று நினைத்துவிடத் தோன்றும். அரை நாளோ ஒரு நாளோ கழித்து அந்த மருந்தின் வேகம் குறையும்போது, பெரும்பாலும் நள்ளிரவில், வலி ஒரே மூச்சில் வந்து சேரும். மரத்த தன்மை போவதற்கு முன்பே வலி மாத்திரையைச் சாப்பிட்டுவிட வேண்டும் என்று தாதி என்னிடம் இரண்டு முறை அழுத்திச் சொல்லியிருந்தார். அதனால் வலி வந்தபோது எனக்கு வலித்ததே தவிர, பயம் வரவில்லை. இது வரும் என்று சொன்னார்கள், வந்திருக்கிறது, போய்விடும் என்றும் சொன்னார்கள் என்று நினைத்துக்கொண்டு விடியும்வரை சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். தெரியாமல் அந்த வலியைச் சந்திக்கிறவர் தையல் பிரிந்துவிட்டது என்றே எண்ணுவார். உங்கள் அண்ணனுக்கு நீங்கள் சொல்ல வேண்டிய பதில் இதுதான் என்று நினைக்கிறேன்.

படுத்துத் தூங்குவது பல வாரங்களுக்கு இயலாது. முதுகுக்கும் முழங்கைக்குக் கீழும் தலையணை வைத்துச் சாய்ந்து தூங்கப் பழக வேண்டும்; அதை அறுவை சிகிச்சைக்கு முன்பே சில இரவுகள் பழகிப் பார்க்கச் சொல்லுங்கள். முன்பக்கம் பொத்தான் வைத்த தளர்வான மேலாடைகளை இப்போதே எடுத்து வையுங்கள். தலை பின்னிக்கொள்ள முடியாது. குளிக்கும்போது முன்பக்கம் குனிந்து, கையைத் தானாகத் தொங்கவிட்டால்தான் அக்குளைச் சுத்தம் செய்ய முடியும். அதற்குக் கூட ஒருவர் உதவி வேண்டும். நம் பெண்கள் அந்த உதவியைக் கேட்கக் கூச்சப்படுவார்கள். நீங்களாகவே முன்வந்து, நான் செய்கிறேன் அம்மா என்று சொல்லிவிடுங்கள்.

எனக்கு மிகவும் கடினமாக இருந்தது சாப்பாடு. வலது கை கட்டில் இருக்கும்போது இடது கையால், கரண்டியால்தான் சாப்பிட வேண்டும். வீட்டில் பரவாயில்லை. உறவினர் திருமணத்தில் பந்தியில் உட்கார்ந்து, எல்லாரும் பார்க்க இடது கையால் சாப்பிட வேண்டியிருக்குமே என்பதற்காகவே நான் வெளியே போவதைக் குறைத்துக்கொண்டேன். கோயிலில் பிரசாதத்தை எந்தக் கையால் வாங்குவது என்றுகூடத் தயங்கினேன். இதையெல்லாம் எந்த மருத்துவரிடமும் கேட்க முடியாது, ஆனால் மனம் சோர்வதற்கு இவை போதும். என் மருமகள் என்னை விடாமல் அழைத்துக்கொண்டு போனார். பார்த்தவர்கள் நலம் விசாரித்தார்களே தவிர யாரும் ஒன்றும் நினைக்கவில்லை.

பிசியோதெரபியில் முதலில் கொடுத்த பயிற்சி எனக்கு ஏமாற்றமாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். சமையலறை மேடையை இடது கையால் பிடித்துக்கொண்டு குனிந்து, வலது கையைத் தொங்கவிட்டு, உடம்பை ஆட்டுவதன் மூலம் அந்தக் கையைச் சிறு வட்டமாகச் சுற்றவிட வேண்டும். இது ஒரு பயிற்சியா என்று தோன்றும். தோளின் தசையைப் பயன்படுத்தாமல் மூட்டை மட்டும் இறுகவிடாமல் வைத்திருப்பதற்கே இது என்று விளக்கிய பிறகு, நான் அதைச் சிரத்தையாகச் செய்யத் தொடங்கினேன். காரணம் தெரிந்தால் அம்மாவும் செய்வார்.

ஜூரோங் வாசகர்:

இந்த உரையாடலைப் படித்தபோது ஓர் ஐயம் எழுந்தது. 2018-இல் லான்செட் இதழில் வெளிவந்த பிரிட்டிஷ் ஆய்வொன்றில், 313 தோள்வலி நோயாளிகளில் ஒரு பிரிவினருக்கு உண்மையான அறுவை சிகிச்சையும், மற்றொரு பிரிவினருக்குக் கருவியை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு எதையும் அகற்றாமல் மூடும் சிகிச்சையும் அளித்தார்கள். இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத் தேறினார்கள். அப்படியானால் தோள் அறுவை சிகிச்சையின் பயன் முழுவதும் நம்பிக்கையால் வருவதுதானா? அதோடு, 1995-இல் வலியே இல்லாதவர்களை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தபோது, 60 வயதைக் கடந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குத் தசைநாணில் முழுதாகவோ பகுதியாகவோ கிழிசல் இருந்ததாகவும் படித்திருக்கிறேன். அறிந்தவர்கள் விளக்கினால் நன்று.

தெம்பனீஸ் இல்லத்தரசி:

இங்கே எழுதியிருப்பவர்கள் எல்லாரும் நல்ல எண்ணத்தோடுதான் எழுதியிருக்கிறீர்கள். இருந்தாலும், கவலை வலியைக் கூட்டும் என்ற இந்தப் பேச்சினால் என் கணவர் பட்ட துன்பத்தையும் நீங்கள் அறிய வேண்டும் என்று நினைக்கிறேன்.

என் கணவருக்கும் தோளில் தசைநாண் தைத்தார்கள். தொடக்கத்தில் வலி ஒழுங்காகக் குறைந்து வந்தது. பிறகு கூடத் தொடங்கியது. இரண்டு முறை சொல்லியும், அவர் இயல்பிலேயே பதற்றமானவர், அதையே நினைத்துக்கொண்டிருக்கிறார், மனத்தை அமைதியாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவர் பதற்றமானவர் என்பது உண்மைதான். ஆனால் அந்தக் காரணத்தாலேயே அவர் சொன்னது காதில் ஏறவில்லை. காயத்தின் ஒரு துளையில் கசிவு தெரிந்த பிறகுதான் கிருமித்தொற்று என்று கண்டுபிடித்து, மறுபடியும் அறுவை அறைக்குக் கொண்டுபோய்க் கழுவினார்கள். இப்போது நலமாக இருக்கிறார். ஆனால் வலிக்கிறது என்று சொல்வதற்கே அவர் தயங்கும்படி ஆகிவிட்டது. எங்கே வலி என்று கேட்டால், ஒன்றுமில்லை, என் மனம்தான் என்கிறார். அதைக் கேட்கும்போது எனக்கு ஆறவில்லை.

ஆகையால், அம்மாவின் பயத்தைப் போக்க முயலும்போது, அவர் சொல்லும் வலியையும் பயம் என்று எண்ணிவிடாதீர்கள். குறைந்துகொண்டே வந்த வலி திரும்பக் கூடினாலும், காய்ச்சல் வந்தாலும், காயத்தில் சிவப்போ கசிவோ தெரிந்தாலும், விரல்கள் மரத்தாலும், காலில் வீக்கமோ மூச்சுத் திணறலோ ஏற்பட்டாலும், அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காமல் உடனே அழைத்துக்கொண்டு போங்கள். பார்த்து ஒன்றுமில்லை என்று சொல்லட்டும். பார்க்காமல் சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

ஈசூன் மகள்:

இவ்வளவு அக்கறையோடு எழுதிய அனைவருக்கும் நன்றி. தெம்பனீஸ் அக்கா, உங்கள் கணவர் பட்ட வேதனையைப் படித்து மிகவும் வருந்தினேன். நீங்கள் குறிப்பிட்ட அறிகுறிகளை எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிட்டேன். பிடோக் ஆசிரியை எழுதியதை நேற்றிரவு அம்மாவுக்கு முழுவதுமாகப் படித்துக் காட்டினேன். பந்தியில் இடது கையால் சாப்பிடுவதைப் பற்றி எழுதியிருந்த இடம் வந்ததும் அம்மா நிறுத்தச் சொல்லி, அந்தப் பத்தியை இன்னொரு முறை படிக்கச் சொன்னார்.

அதன் பிறகு அண்ணனையும் உடன் வைத்துக்கொண்டே, ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகலாம் என்று மருத்துவர் சொன்னதைச் சொன்னேன். நாங்கள் அஞ்சியதுபோல் அம்மா அறுவை சிகிச்சை வேண்டாமென்று சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அதுவரைக்கும் கடையில் என்னை வைத்திருப்பார்களா?" என்று மட்டும் கேட்டார். இரவில் அவரைத் தூங்கவிடாமல் செய்தது கை இறுகிவிடும் என்பதைவிட, கை இறுகினால் சோற்றுப் பானையைத் தூக்க முடியாது, வேலை போய்விடும் என்பதுதான் என்று இப்போது தெரிகிறது. விரைவில் சரியாகிவிடும் என்று அவர் பகலில் திரும்பத் திரும்பச் சொன்னதும் அந்தக் கடைக்காரரை மனத்தில் வைத்துத்தான் போலிருக்கிறது. அண்ணனும் இப்போது சம்மதித்துவிட்டார். ஆனால் அம்மாவின் இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. செலவைப் பற்றியும் அவருக்கு உள்ளூரக் கவலை இருக்கிறது.

செங்காங் பிசியோ:

தெம்பனீஸ் சகோதரி எழுதியதை எங்கள் தொழிலில் இருக்கும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். பதற்றமானவருக்கும் கிருமித்தொற்று வரும். வலி மீண்டும் கூடும்போது முதலில் செய்ய வேண்டியது காயத்தையும் மூட்டையும் பரிசோதிப்பது. மனத்தைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான். உங்கள் கணவரிடம் அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது என்பதை மீண்டும் மீண்டும் சொல்லுங்கள்.

ஜூரோங் நண்பர் குறிப்பிட்ட ஆய்வு மிகவும் முக்கியமானது. ஆனால் அதில் சோதிக்கப்பட்டது, தோள் முனை எலும்பின் அடிப்பகுதியைச் சிறிது செதுக்கி இடம் உண்டாக்கும் சிகிச்சை. உங்கள் அம்மாவுக்கு நடக்கப்போவது முழுக் கிழிசலைத் தைப்பது. ஒன்றின் முடிவை மற்றொன்றுக்குப் பொருத்த முடியாது. எம்ஆர்ஐ பற்றிய செய்தியும் சரியே. கிழிசல் இருந்தும் வலியில்லாதவர்கள் ஏராளமாக இருக்கிறார்கள். தைத்த பிறகு ஸ்கேனில் தசைநாண் முழுதாக ஒட்டாமல் இருப்பது தெரிந்தும், வலி குறைந்து நன்றாக வேலை செய்கிறவர்களும் இருக்கிறார்கள். எனவே, பின்னாளில் ஏதாவது ஒரு ஸ்கேன் அறிக்கையில் சிறு கிழிசல் என்று எழுதியிருந்தால் அம்மா மனமுடைந்துவிடாதபடி, படத்தைவிடக் கையால் என்ன செய்ய முடிகிறது என்பதே முக்கியம் என்று இப்போதே சொல்லிவைக்கலாம்.

இனி அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். அவர் கேட்டதுதான் இந்த முழு உரையாடலிலும் மிகச் சரியான கேள்வி. சிங்கப்பூர் வேலைநியமனச் சட்டத்தின்படி, ஆறு மாதமாவது பணியாற்றிய ஊழியருக்கு ஆண்டுக்கு 60 நாள்கள் வரை சம்பளத்துடன் மருத்துவமனை விடுப்பு உண்டு. வழக்கமான 14 நாள் மருத்துவ விடுப்பும் அந்த 60-க்குள் அடங்கும். வீடு திரும்பிய பிறகு ஓய்வு தேவையென்று மருத்துவர் சான்றளிக்கும் நாள்களையும் அதில் எடுத்துக்கொள்ளலாம். இந்த ஆண்டில் அம்மா ஏற்கெனவே எத்தனை நாள் விடுப்பு எடுத்திருக்கிறார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் விடுப்பு முடியும் நாளும் பானை தூக்கும் நாளும் ஒன்றல்ல என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். பொதுவாக முதல் நான்கு முதல் ஆறு வாரங்கள் ஸ்லிங்கில் போகும். அதன் பிறகு தாமாகக் கையை அசைக்கத் தொடங்குவார். பலம் சேர்க்கும் பயிற்சி ஏறக்குறைய மூன்று மாதங்களுக்குப் பிறகுதான் ஆரம்பிக்கும். நிறைந்த சோற்றுப் பானையை அடுப்பிலிருந்து இறக்குவதற்கு ஆறு மாதம்வரை, சில நேரம் அதற்கு மேலும், காத்திருக்க வேண்டியிருக்கலாம். இடையிலிருக்கும் அந்த மாதங்களுக்கு அம்மாவுக்குக் கடையில் வேறு வேலை வேண்டும். பணம் வாங்குவது, மேசையில் முழங்கையை ஊன்றியபடி காய் நறுக்குவது, இடுப்பு உயரத்தில் தட்டில் உணவு பரிமாறுவது ஆகியவற்றை எந்த மாதத்திலிருந்து செய்யலாம் என்று அறுவை மருத்துவரிடம் ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அம்மாவையே கேட்கச் சொல்லுங்கள். நீங்கள் மொழிபெயர்த்தால் போதும். தம் கேள்விக்குத் தமக்கே பதில் கிடைத்தது என்ற உணர்வு அவருக்கு மிகவும் உதவும். கடைக்காரரிடம் இப்போதே போய்ப் பேசுவதும் நல்லது. ஆறு மாதம் ஆள் இல்லை என்று கேட்பதைவிட, இத்தனை வாரம் விடுப்பு, அதன் பிறகு பாரம் தூக்காத வேலை, பிறகு முழு வேலை என்று கேட்டால் பல முதலாளிகள் இணங்குகிறார்கள் என்பதை என் நோயாளிகளிடம் பார்த்திருக்கிறேன்.

செலவைப் பொறுத்தவரை, மருத்துவமனையில் சேர்வதற்கு முன்பே நிதி ஆலோசனை தருவார்கள். மெடிசேவ் என்ற கட்டாய மருத்துவச் சேமிப்பிலிருந்து எவ்வளவு எடுக்கலாம், மெடிஷீல்டு லைஃப் என்ற அடிப்படை மருத்துவக் காப்புறுதி எதை ஏற்கும், கையிலிருந்து எவ்வளவு கட்ட வேண்டும் என்று அப்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பிசியோதெரபிக்குப் பல மாதம் வர வேண்டியிருக்கும் என்பதால் அந்தக் கட்டணத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். முதல் சில வாரங்களுக்குப் பிறகு பலர் வராமல் நின்றுவிடுவதற்குச் செலவும் ஒரு காரணம். சமாளிக்க முடியாது என்று தோன்றினால் மருத்துவச் சமூக ஊழியரைச் சந்திக்க வேண்டும் என்று நீங்களாகவே கேளுங்கள்.

பாரம் தூக்காத வேலைக்கான மருத்துவரின் கடிதத்தை மட்டும், அறுவை சிகிச்சைக்கு முந்தைய பரிசோதனைக்குப் போகும்போதே கேட்டுவிடுங்கள். வீடு திரும்பும் நாளில் வார்டில் இருக்கும் அவசரத்தில் அது பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது.